கறுப்புக் கல்லுக்கு எழுந்த வழக்கு

    

"நினைவுச் சின்னம் அமைப்பதில் மேலோங்கி நிற்க வேண்டியது மக்களின் கருத்தா? கலைஞனின் பார்வையா?" தலைப்பு இது. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார், பெரிய கைதட்டலும் வாங்கினார். "காசு கொடுக்கிறவன் மக்கள், அழுகிறவன் மக்கள், நடுவிலே கலைஞன் யாரய்யா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஐயா, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பெண் வீட்டார் காசு கொடுக்கிறார்கள். சாப்பிடப் போகிறவர்கள் நாம். அதற்காக, சாம்பார் கொதிக்கிறபோது பந்தியில் உட்காரப் போகிற ஆயிரம் பேரும் ஆளுக்கு ஒரு கை உப்பை அள்ளிப் போட்டால் அந்தச் சாம்பார் என்னங்க ஆகும்? (சிரிப்பு)

உவமையோடு நிறுத்தினால் நடுவர் என்னை விடமாட்டார். "பேராசிரியரே, சான்று எங்கே?" என்பார். சான்று கொண்டு வந்திருக்கிறேன். அது வாஷிங்டன் நகரத்தில், ஆபிரகாம் லிங்கன் நினைவாலயத்துக்குப் பக்கத்தில், பூமிக்குள்ளே பாதி புதைந்து நிற்கிறது. வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கு எழுப்பிய சுவர் அது. அந்தச் சுவர் எழும்புவதற்கு முன்னால் அதன் மேல் நடந்த வழக்கைத்தான் இந்த மன்றத்தில் வைக்கப் போகிறேன்.

வியட்நாம் போர் அமெரிக்கா தோற்ற போர். தோற்றது மட்டுமல்ல, அந்த நாட்டையே இரண்டாகப் பிளந்த போர். போனது சரி என்று ஒரு பாதி, போனது பாவம் என்று ஒரு பாதி. இந்த இரண்டு பாதிக்கும் நடுவே மாட்டிக்கொண்டவன், பத்தொன்பது இருபது வயதில் துப்பாக்கி தூக்கிப் போன பையன். முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவனுக்கு ஊர்வலம் இருந்தது, மேளதாளம் இருந்தது. இவன் திரும்பினான், விமான நிலையத்தில் இறங்கினான், உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எங்கே போயிருந்தோம் என்று சொல்லக் கூசிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தான். செத்தவனுக்கோ அதுவும் இல்லை.

ஜான் ஸ்க்ரக்ஸ் என்று ஒருவர். அந்தப் போரில் சாதாரணக் காலாட்படை வீரராக இருந்து காயம்பட்டுத் திரும்பியவர். 1979ஆம் ஆண்டு, வியட்நாம் போரைப் பற்றிய 'தி டீர் ஹண்டர்' என்ற திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. செத்துப்போன ஒவ்வொருவனுடைய பெயரும் ஓர் இடத்தில் எழுதப்பட வேண்டும் என்று முடிவு செய்தார். அவ்வளவுதான் அவர் ஆசை. பெயரைக் கல்லில் எழுதுவதன் அருமை தெரியாதவர்களா நாம்? நடுகல் நாட்டிய பரம்பரைங்க நம்ம பரம்பரை! (கைதட்டல்) 1980இல் அமெரிக்க நாடாளுமன்றம் இடத்தைக் கொடுத்தது. கட்டுகிற செலவுக்கு அரசாங்கம் காசு தரவில்லை. பொதுமக்களிடம் வசூல் செய்து 84 லட்சம் டாலர் சேர்த்தார்கள்.

இப்போது எதிரணி நண்பர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். சின்னம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார்கள். அந்தப் போட்டிக்கு நிபந்தனை விதித்தவர்கள் போரிலிருந்து திரும்பிய வீரர்கள். பார்க்கிறவனைச் சிந்திக்க வைக்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தோடு இசைந்து போக வேண்டும். இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் அத்தனை பேர் பெயரும் இருக்க வேண்டும். போர் சரி என்றோ தப்பு என்றோ அரசியல் பேசக்கூடாது. இதைவிட அழகாக மக்கள் தங்கள் கருத்தைச் சொல்ல முடியுமா? "எங்களுக்கு இது வேண்டும்" என்று சொன்னார்கள். "இப்படித்தான் செய்" என்று சொல்லவில்லை. என் அணியின் வாதம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது ஐயா!

1,421 பேர் வரைந்து அனுப்பினார்கள். வைக்க இடமில்லாமல் ராணுவ விமானக் கொட்டகை ஒன்றில் பரப்பி வைத்தார்கள். எதிலும் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எட்டு நடுவர்கள். நம்ம மேடையிலே ஒரே ஒரு நடுவர். அவரையே எங்களால் சமாளிக்க முடியவில்லை! (சிரிப்பு) அந்த எட்டுப் பேரும் பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் ஒருமனதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 1026ஆம் எண். பெரிய கட்டடக் கலைஞர் யாரோ என்று உறையைப் பிரித்தால், மாயா லின் என்று ஒரு பெயர். வயது 21. யேல் பல்கலைக்கழகத்தில் இன்னும் இளநிலைப் படிப்பே முடிக்காத பெண். அம்மா அப்பா சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில். விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கைப் பிடித்துத்தான் முதல் மாதிரியைச் செய்து பார்த்தார் என்று சொல்வார்கள். வகுப்புக்காகச் செய்த பயிற்சி அது. பேராசிரியர் அதற்கு 'பி' தரம்தான் போட்டாராம். அந்தப் பேராசிரியரும் அதே போட்டிக்கு வரைந்து அனுப்பியிருந்தார் என்பது கூடுதல் சுவை. எங்கள் பேராசிரியர் கூட்டமே இப்படித்தான் ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தப் பெண் என்ன வரைந்தது? சிலை இல்லை, தூண் இல்லை, கொடி இல்லை. புல்தரையைக் கத்தியால் கீறிப் பிரித்தது போல ஒரு வெட்டு. அந்த வெட்டின் ஓரத்தில் இரண்டு கறுப்புச் சுவர்கள். ஒவ்வொன்றும் 246 அடி 9 அங்குல நீளம். ஒன்றின் முனை வாஷிங்டன் தூணைக் காட்டும். மற்றொன்றின் முனை லிங்கன் நினைவாலயத்தைக் காட்டும். முனையில் கணுக்கால் உயரம்தான். நடந்து இறங்க இறங்கச் சுவர் உங்களோடு வளரும். இரண்டும் சேருகிற மூலையில் பத்தடி உயரத்துக்கு உங்கள் தலைக்கு மேலே நிற்கும். கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்த்த கல். அதில் பெயர்கள், பெயர்கள், பெயர்கள். படிக்கப் போகிறவன் முகம் அந்தப் பெயர்களுக்கு நடுவே தெரியும்.

அந்தக் கல் எங்கேயிருந்து போனது தெரியுமா? நம்ம பக்கத்து மாநிலம், பெங்களூர்! கறுப்புக் கல் கனடாவிலும் உண்டு, சுவீடனிலும் உண்டு. ஆனால் போருக்குப் போக மறுத்த பையன்கள் ஓடிப்போய்த் தஞ்சம் புகுந்த நாடுகள் அவை. அந்த ஊர்க் கல் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மக்கள் மனத்தை மதித்துக் கல்லையே மாற்றினார்கள் பாருங்கள். அப்படி மதிக்க வேண்டிய இடத்தில் மதிப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை.

பெயர்களை எந்த வரிசையில் எழுதுவது? அதற்கே ஒரு சண்டை. அகர வரிசையில் எழுதுங்கள், தேடுவது சுலபம் என்றார்கள். நமக்கும் அதுதானே தோன்றும்? மாயா லின் முடியாது என்றார். இறந்த நாள் வரிசையில்தான் எழுத வேண்டும் என்றார். பிடிவாதம் என்று நினைத்தார்கள். பிறகு பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஸ்மித் என்ற குடும்பப் பெயரில் மட்டும் 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். நம்ம ஊர்த் தொலைபேசி டைரக்டரியில் சுப்பிரமணியன் பக்கத்தைத் திறந்த மாதிரி! அதிலே எந்தத் தாய் தன் ஸ்மித்தைக் கண்டுபிடிப்பாள்? நாள் வரிசை என்றால், ஒரே நாளில், ஒரே சண்டையில், பக்கத்துப் பக்கத்தில் விழுந்தவர்கள் கல்லிலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பார்கள். உயிரோடு திரும்பிய நண்பன் போய் அந்த நாளைத் தேடினால், தன் கூட்டாளிகள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்ப்பான். 1959இல் மூலையில் தொடங்கி, வலப்பக்கச் சுவர் முழுக்க ஓடி, மறுபடி இடப்பக்கச் சுவரின் கடைசியில் பிடித்து, 1975இல் அதே மூலைக்கு வந்து முடியும். முதலில் செத்தவனும் கடைசியில் செத்தவனும் மூலையில் சந்தித்துக்கொள்வார்கள். இதை ஒரு கமிட்டி உட்கார்ந்து ஓட்டெடுத்துக் கண்டுபிடித்திருக்குமா? தேடுகிறவர்களுக்குத் துணையாக அகர வரிசைப் பட்டியலைத் தனிப் புத்தகமாகப் பக்கத்திலேயே வைத்தார்கள். விஷயம் முடிந்தது.

இனிமேல்தான் வழக்கு. 1981 அக்டோபரில், நுண்கலை ஆணையத்தின் முன்னால் டாம் கார்ஹார்ட் என்ற முன்னாள் வீரர் எழுந்தார். இது அவமானத்தின் கறுப்பு வெட்டுக்காயம் என்றார். பற்றிக்கொண்டது நெருப்பு! போட்டி நடத்த 1,60,000 டாலர் கொடுத்த டெக்சஸ் கோடீசுவரர் ராஸ் பெரோ எதிர்ப்பாளர் ஆனார். குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்கள் 27 பேர் சேர்ந்து அதிபர் ரீகனுக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த இடத்துக்குப் பொறுப்பான உள்துறைச் செயலாளர் ஜேம்ஸ் வாட் — நம்ம ஊர்க் கணக்கில் அமைச்சர் — கட்டட அனுமதியைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். எல்லாவற்றையும்விடக் கேவலம், வியட்நாமில் செத்தவர்களுக்கு ஆசிய முகம் கொண்ட பெண்ணா சின்னம் அமைப்பது என்று கேட்டவர்களும் உண்டு. ஓஹையோவில் பிறந்த பெண் ஐயா அது!

இந்த இடத்தில் எதிரணியை நான் ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் மக்கள் கருத்து என்பீர்களா? மாயா லினின் வடிவத்தை ஏற்றுக்கொண்டு நிதி திரட்டிக் கொடுத்தவர்களும் வீரர்கள்தான். அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர் சங்கம் 10 லட்சம் டாலர் கொடுத்தது. தலைநகரத்தில் கூட்டம் போட்டு மேசையைத் தட்ட வசதி உள்ளவனின் குரலுக்கு மக்கள் குரல் என்று பெயர் வைத்துவிட்டால், கன்சாஸிலோ நெப்ராஸ்காவிலோ பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தாயின் குரலுக்கு என்ன பெயர்? அவள் கருத்தை யார் கேட்டார்கள்? இன்னொன்று. எதிர்த்தவர்களில் ஒருவர்கூட அந்தச் சுவரைப் பார்த்தவர் இல்லை. பார்க்க முடியாது, சுவரே இன்னும் எழும்பவில்லையே! காகிதத்தில் ஒரு மங்கலான வண்ணப் படம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைக் கல்லாக மாற்றுங்கள் என்று விடாமல் கேட்டார்கள். கறுப்பு அவமானத்தின் நிறமாம். 1982 ஜனவரியில் நடந்த ஒரு கூட்டத்தில், ஜார்ஜ் பிரைஸ் என்ற பிரிகேடியர் ஜெனரல் எழுந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்த ராணுவத் தளபதி. கறுப்பு அவமானத்தின் நிறம் அல்ல, அப்படி நீங்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. போர்க்களத்தில் நிறத்துக்கு வேலை இருக்கவில்லை, இங்கேயும் இருக்கக்கூடாது என்ற பொருளில் பேசினார். அதோடு நிறம் பற்றிய பேச்சு அடங்கியது. (பலத்த கைதட்டல்)

ஆனால் எதிர்ப்பு அடங்கவில்லை. கடைசியில் ஒரு சமரசம் வந்தது. வீரர்கள் சிலை ஒன்றும் கொடிக்கம்பம் ஒன்றும் சேர்க்க வேண்டும். ஃபிரெடரிக் ஹார்ட் என்ற சிற்பி மூன்று வீரர்களை வெண்கலத்தில் வடித்தார். எங்கே வைப்பது? சுவர் சேருகிற மூலைக்கு எதிரே சிலை, உச்சிக்கு மேலே கொடி என்று ஒரு யோசனை. அப்படி வைத்திருந்தால் என்ன ஆகும் யோசித்துப் பாருங்க. சுவர் போய், அந்தச் சிலைக்குப் பின்னால் மாட்டிய திரைச்சீலை ஆகிவிடும். மாயா லின் எதிர்த்தார். 22, 23 வயசுப் பெண், அமைச்சரையும் கோடீசுவரரையும் எதிர்த்து நின்றது. நுண்கலை ஆணையம் 1982 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது: சிலையும் கொடியும் இருக்கட்டும், ஆனால் சுவரைத் தொடாமல் தள்ளி, நுழைகிற வழிப்பக்கம். 1984இல் சிலையை அங்கே நிறுவினார்கள். ஹார்ட்டின் சிலை மட்டமான சிலை என்று நான் சொல்ல மாட்டேன், நல்ல வேலைப்பாடு. தள்ளி வைத்ததால்தான் அதுவும் பிழைத்தது. மூன்று பேரும் களைத்துப்போய்த் தூரத்திலிருந்து அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. மூலையிலே நின்றிருந்தால் அவர்களுக்குப் பார்க்கவே ஒன்றும் இருந்திருக்காது.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்த கூத்து என்று நினைக்காதீர்கள். பிரான்சில் கலே என்று ஒரு துறைமுக நகரம். 1347இல் இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்டின் முற்றுகையில் ஊரே பட்டினி கிடந்தபோது, ஊரைக் காப்பாற்ற ஆறு பெரிய மனிதர்கள் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டு, கோட்டைச் சாவியோடு எதிரியிடம் போனார்கள். அவர்களுக்குச் சிலை வடிக்க ரொதேனிடம் சொன்னார்கள். ஊர் எதிர்பார்த்தது நிமிர்ந்து நிற்கும் ஒரு வீரனை. ரொதேன் வடித்தது, சாகப் போகிறோம் என்று தெரிந்து தள்ளாடி நடக்கும் ஆறு மனிதர்களை. மக்கள் நடக்கிற தரையிலேயே வைக்க ஆசைப்பட்டார். ஊரார் 1895இல் உயரமான பீடத்தில் தூக்கி வைத்து, சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். 1917இல் ரொதேன் இறந்தார். 1924இல் அதே ஊர், பீடத்தைக் குறைத்து, நகர மண்டபத்துக்கு முன்னால் இறக்கி வைத்தது. இருபத்தொன்பது வருஷம் ஆச்சுங்க அவர்களைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவர!

எதிரணி நண்பர் ஏதோ குறிப்பெடுக்கிறார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். "அப்படியானால் மக்கள் சொன்னது எப்போதுமே தப்பா?" என்பார். இல்லை. அவருக்குச் சிரமம் வேண்டாம், அவருக்கு உதவுகிற சான்றையும் நானே தருகிறேன். அதே வாஷிங்டனில் 1997இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு நினைவிடம் திறந்தார்கள். 39 வயதில் கால்கள் முடங்கியவர் ரூஸ்வெல்ட். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே உலகப் போரை நடத்தியவர். நினைவிடத்துச் சிலையில் நீண்ட மேலங்கி நாற்காலியைப் போர்த்தி மறைத்துவிட்டது. அவரே வாழ்நாள் முழுக்க அதை மறைத்துத்தானே வைத்தார் என்பது அமைத்தவர்கள் சொன்ன சமாதானம். உடல் ஊனமுற்றோர் கொதித்துப் போனார்கள். அவர் மறைத்தார், அந்தக் காலம் அப்படி. எங்கள் காலத்தில் ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். போராடினார்கள். அவர்கள் அமைப்பே 16.5 லட்சம் டாலர் திரட்டியது. 2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் அமர்ந்த ரூஸ்வெல்ட் சிலை நுழைவாயிலில் வந்தது. அவர்கள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம் என்பேன். ஏனென்றால் அவர்கள் "இந்தச் சிலையின் மூக்கை மாற்று, கல்லின் நிறத்தை மாற்று" என்று கேட்கவில்லை. "ஓர் உண்மையை விட்டுவிட்டீர்கள்" என்று சொன்னார்கள். வியட்நாம் சுவருக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. அந்தப் போரில் வேலை செய்த பெண்கள், பெரும்பாலும் தாதியர், எங்கள் நினைவு எங்கே என்று கேட்டார்கள். 1993இல் அவர்களுக்குத் தனிச் சிலை எழுந்தது, அதுவும் சுவரைத் தொடாமல், மரங்களுக்கு நடுவே. எதை விட்டுவிட்டாய் என்று கேட்கிற உரிமை மக்களுக்கு முழுக்க உண்டு. உளியைப் பிடுங்குகிற உரிமைதான் யாருக்கும் கிடையாது.

சுவரின் கதையை முடித்துவிடுகிறேன் நடுவர் அவர்களே, மணியில் கை வைக்காதீர்கள்! 1982 நவம்பர் 13ஆம் தேதி திறப்பு விழா. அன்று கல்லில் 57,939 பெயர்கள். விழா மேடையில் மாயா லின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் பேச்சு முடிந்ததும் என்ன ஆச்சு தெரியுமா? தடுப்பு வேலியைத் தாண்டிக்கொண்டு கூட்டம் சுவரை நோக்கிப் போனது. யாரும் சொல்லித் தராமலே கையை நீட்டித் தொட்டார்கள். பெயரின் மேல் விரலை ஓட்டினார்கள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, மகனுடைய பெயரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அடியில் கடிதம் வைத்தார்கள், காலணி வைத்தார்கள், பதக்கம் வைத்தார்கள், கரடிப் பொம்மை வைத்தார்கள். ஒரு மோட்டார் சைக்கிளையே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்! 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பூங்காத் துறை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறது. இப்படி வையுங்கள் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. இதையல்லவா நான் மக்கள் கருத்து என்பேன்! 2007இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம், மக்களுக்குப் பிடித்த கட்டடங்கள் எவை என்று எடுத்த கணிப்பில் இந்தச் சுவர் பத்தாவது இடம். அன்றைக்கு வெட்டுக்காயம் என்று திட்டினார்களே, அதே சுவர்தான்.

இன்னும் அந்தப் பட்டியல் முடியவில்லை. காயத்தால் பின்னாளில் இறந்தவர் என்று உறுதியானால் பெயர் சேர்க்கிறார்கள். இப்போது 58,000க்கும் மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி உண்டு. இறந்தது உறுதியானால் வைர வடிவம். காணாமல் போனவர் என்றால் சிலுவைக் குறி. எலும்பாவது கிடைத்து அடையாளம் தெரிந்தால், அந்தச் சிலுவையின் மேலேயே வைரத்தைச் செதுக்கிவிடுவார்கள். காணாமல் போனவர் ஒருவேளை உயிரோடு திரும்பி வந்தால், சிலுவையைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும் என்றும் ஏற்பாடு. போர் முடிந்து எத்தனை வருஷம் ஆச்சு! அந்த வட்டத்துக்காகக் கல்லில் இன்னும் இடம் இருக்கிறது. இன்றுவரை ஒரு வட்டம்கூட விழவில்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார்.